நாட்டுக்குத் திரும்புவதா, வீட்டுக்குத் திரும்புவதா?

1948 டிசம்பர் 10-ஆம் தேதி பாரிஸில் கூடிய ஐ.நா. பொதுச்சபை, உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் 13-வது ஷரத்து சொல்வது இது: எந்த மனிதரும் எந்த நாட்டை விட்டும் வெளியேறலாம், தன் சொந்த நாட்டுக்குத் திரும்பியும் வரலாம்.

மறுநாள், டிசம்பர் 11. அதே சபை, அதே பாரிஸ். இந்தமுறை நிறைவேறியது 194-ஆம் எண் தீர்மானம். பாலஸ்தீன அகதிகளில் யாரெல்லாம் தங்கள் வீடுகளுக்குத் திரும்பி, அக்கம்பக்கத்தாரோடு சமாதானமாக வாழ விரும்புகிறார்களோ, அவர்களைக் கூடிய சீக்கிரம் அனுமதிக்க வேண்டும். திரும்ப விரும்பாதவர்களின் சொத்துக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று அதன் 11-வது பத்தி சொன்னது. ஆதரவு 35, எதிர்ப்பு 15, நடுநிலை 8. எதிர்த்து ஓட்டுப் போட்டதில் அரபு நாடுகளும் உண்டு. தீர்மானத்தை ஏற்றால் இஸ்ரேல் என்ற நாட்டையே ஏற்றதாகிவிடும் என்ற கவலை அவர்களுக்கு. பின்னாளில் அதே தீர்மானத்தைத்தான் அவர்கள் உயர்த்திப் பிடித்தார்கள். நம்ம இந்தியா அன்றைக்கு நடுநிலை.

இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. முதல் நாள் சொன்ன வார்த்தை "நாடு". இரண்டாம் நாள் சொன்ன வார்த்தை "வீடு". ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆனா அகதிகளின் திரும்பும் உரிமை பற்றி அதுக்கப்புறம் நடந்த அத்தனை சண்டையும் இந்த ஒரு எழுத்துக்குள்ளதான் இருக்கு. நாட்டுக்குள் நுழைய விசா, பாஸ்போர்ட் போதும். வீட்டுக்குள் நுழையணும்னா, இப்போ அங்கே குடியிருக்கிறவர் வெளியே வரணும். அவர் யார், அவரை எந்தச் சட்டம் அங்கே உட்கார வெச்சது, எந்தச் சட்டம் எழுப்பும்? இதைப் பேசாம திரும்பும் உரிமையைப் பேசினா அது வெறும் மேடைப்பேச்சு என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது.

பாலஸ்தீனம்: பூட்டு எப்படி மாற்றப்பட்டது

1948 போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீன அரபுகள் வீடிழந்தார்கள். 400-க்கும் மேற்பட்ட கிராமங்கள் காலியாயின. ஐ.நா. சமரசத் தூதராகப் போனவர் ஸ்வீடனைச் சேர்ந்த கவுண்ட் ஃபோல்க் பெர்னடாட். இரண்டாம் உலகப்போரின் கடைசி மாதங்களில் நாஜி முகாம்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை, யூதர்கள் உட்பட, வெள்ளை நிறப் பேருந்துகளில் மீட்டுக்கொண்டு வந்த குழுவின் தலைவர் அவர்தான். அகதிகள் வீடு திரும்பும் உரிமையை உறுதிசெய்ய வேண்டும் என்று 1948 செப்டம்பர் 16 தேதியிட்ட அறிக்கையில் எழுதினார். மறுநாளே ஜெருசலேமில் லெஹி என்ற யூதத் தீவிரவாதக் குழு அவரைச் சுட்டுக் கொன்றது. 194-வது தீர்மானத்தின் 11-வது பத்தி அவருடைய அறிக்கையிலிருந்து பிறந்ததுதான்.

தீர்மானம் வருவதற்கு ஆறு மாதம் முன்பே, 1948 ஜூனில், அகதிகளைத் திரும்ப விடுவதில்லை என்று இஸ்ரேல் அமைச்சரவை முடிவெடுத்துவிட்டது. 1949-ல் லோசான் பேச்சுவார்த்தையில் ஒரு லட்சம் பேரை ஏற்கிறோம் என்று ஒரு பேச்சு வந்தது. அரபு நாடுகள் ஒப்புக்கொள்ளவில்லை, அதுவும் போச்சு.

அடுத்து வந்ததுதான் முக்கியம். 1950-ல் இஸ்ரேல் "வராதோர் சொத்துச் சட்டம்" கொண்டுவந்தது. போர்க்காலத்தில் வீட்டை விட்டு எதிரிநாட்டுப் பகுதிக்குப் போனவர் "வராதவர்". அவர் சொத்து ஒரு பொறுப்பதிகாரியிடம் போகும். அங்கிருந்து அரசுக்கும் குடியேற்ற அமைப்புகளுக்கும் கைமாறும். இந்தச் சட்டத்தை எழுதும்போது இஸ்ரேல் அதிகாரிகள் பாகிஸ்தானின் சட்டத்தை முன்மாதிரியாகப் பார்த்தார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பிரிவினையில் ஓடிப்போன இந்துக்கள், சீக்கியர்களின் சொத்துக்காக எழுதப்பட்ட சட்டம் அது. ஓடிப்போன முஸ்லிம்களின் சொத்துக்காக இந்தியாவும் 1950-ல் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டது.

ஈராக்கும் இதைத்தான் செய்தது. 1951 மார்ச்சில், குடியுரிமையைத் துறந்துவிட்டு இஸ்ரேலுக்குக் கிளம்பிய தன் நாட்டு யூதர்களின் சொத்தை முடக்கிச் சட்டம் போட்டது. அப்படி எல்லாம் இழந்து வந்தவர்களில் பலர், ஐரோப்பாவில் குடும்பத்தையே நாஜிகளிடம் பறிகொடுத்துவிட்டு வந்தவர்களோடு சேர்ந்து, அரபுகள் விட்டுப்போன வீடுகளிலும் நிலங்களிலும் குடியமர்த்தப்பட்டார்கள். அதாவது ஓர் அகதியின் வீட்டில் இன்னோர் அகதி. இரண்டு பேருக்கும் நியாயமான அழுகை இருக்கு. அரசாங்கங்களுக்கு இதைவிட வசதியான பூட்டு வேற எதுவும் கிடையாது.

சட்டம் என்ன சொல்லுது?

இஸ்ரேல் தரப்பு வாதம் ஏறக்குறைய இப்படி: பொதுச்சபைத் தீர்மானம் ஒரு பரிந்துரைதான், யாரையும் கட்டுப்படுத்தாது, அகதிகள் ஒருநாளும் இஸ்ரேல் குடிமக்களாக இருந்ததில்லை, அதனால் அது அவர்களுடைய "சொந்த நாடு" இல்லை, லட்சக்கணக்கானோர் திரும்பினால் யூதர்களுக்கான நாடு என்பதே இல்லாமல் போகும்.

எதிர்த்தரப்பு வாதம்: 1966-ல் உருவான குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 12-வது ஷரத்து, எவரும் தன் சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையைத் தான்தோன்றித்தனமாகப் பறிக்கக் கூடாது என்கிறது. "சொந்த நாடு" என்பது குடியுரிமையைவிட அகலமான சொல், ஒருவருக்கு அந்த மண்ணோடு இருக்கும் பிணைப்பையும் பார்க்கணும் என்று அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு 1999-ல் விளக்கம் கொடுத்தது. ஆள் ஓடிய பிறகு எல்லையை மாற்றி, குடியுரிமைச் சட்டத்தை எழுதி, "நீ எங்க குடிமகனே இல்லையே" என்று சொல்வது தான் செய்த வேலையையே சாட்சிக்குக் கூப்பிடுவது மாதிரிதானே?

இதில் எனக்கு இரண்டாவது தரப்புதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் சட்ட வாதத்தில் யார் ஜெயிக்கிறார் என்பதைத் தாண்டி ஒன்று இருக்கு. அதுக்கு இக்ரித் கதையைக் கேட்கணும்.

இக்ரித், இஸ்ரேலின் வடக்கே லெபனான் எல்லையோரம் இருந்த ஒரு கிறிஸ்தவ அரபுக் கிராமம். 1948 நவம்பரில் ராணுவம் வந்து, இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி எல்லோரையும் வெளியேற்றியது. இவர்கள் நாட்டை விட்டே போகவில்லை. இஸ்ரேல் குடியுரிமையும் பெற்றவர்கள். ஆக "நாடு" பிரச்சினை இல்லை, "வீடு" மட்டும்தான் பிரச்சினை. உச்ச நீதிமன்றம் போனார்கள். 1951 ஜூலையில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாகவே வந்தது. அதே வருஷக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ராணுவம் ஊர் வீடுகளைக் குண்டு வைத்துத் தகர்த்தது. தேவாலயம் மட்டும் நின்றது. பல வருஷம் கழித்து, இறந்தவர்களை ஊர்க் கல்லறையில் புதைக்க மட்டும் அனுமதி கிடைத்தது. இக்ரித்காரர் இக்ரித்துக்குத் திரும்பலாம், உயிர் போன பிறகு.

குடியுரிமை இருக்கு, நீதிமன்றம் இருக்கு, தீர்ப்பும் கையில் இருக்கு. வீடு இல்லை. தீர்ப்பை அமல்படுத்த ஓர் ஆள் வேண்டும் இல்லையா? அந்த ஆள் எங்கே கிடைத்தார் என்று பார்க்க போஸ்னியா போவோம்.

போஸ்னியா: வரிசையில் வந்த நீதி

1991 கணக்கெடுப்பில் போஸ்னியாவின் மக்கள்தொகை சுமார் 44 லட்சம். 1992 முதல் 1995 வரை நடந்த போரில் சுமார் ஒரு லட்சம் பேர் செத்தார்கள். சுமார் 22 லட்சம் பேர், அதாவது ரெண்டுல ஒருத்தர், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டார்கள் அல்லது ஓடினார்கள். அந்தப் போரின் நோக்கமே அதுதான். "இனச்சுத்திகரிப்பு" என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் போரில்தான்.

1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் உருவாகி, டிசம்பர் 14-ல் பாரிஸில் கையெழுத்தான அமைதி ஒப்பந்தத்தில் 7-வது இணைப்பு என்று ஒன்று உண்டு. அகதிகளும் இடம்பெயர்ந்தோரும் தங்கள் பழைய வீடுகளுக்கே சுதந்திரமாகத் திரும்பலாம். பறிபோன சொத்து திரும்பக் கிடைக்கணும். கொடுக்க முடியாததற்கு நஷ்டஈடு. கவனிச்சீங்களா? இங்கேயும் "வீடு". 194-வது தீர்மானத்தோட அதே பாஷை, 47 வருஷம் கழிச்சு.

முதல் ரெண்டு மூணு வருஷம் இதுவும் வெறும் காகிதமாகத்தான் இருந்தது. சோஷலிச யுகோஸ்லாவியாவில் நகரத்து ஃபிளாட்டுகள் பெரும்பாலும் சமுதாயச் சொத்து. வேலை பார்க்கும் நிறுவனம் ஒதுக்கும். வாழ்நாள் முழுக்கக் குடியிருக்கும் உரிமை கிடைக்கும். போர் நடக்கும்போதே மூன்று தரப்பும், ஓடியவர்களின் வீடுகளைத் தங்கள் ஆட்களுக்கு ஒதுக்கச் சட்டம் போட்டுக்கொண்டன. போர் முடிந்ததும் போஸ்னியாக்-குரோஷியக் கூட்டமைப்பில் ஒரு கெடு: உள்நாட்டில் இருப்பவர் 7 நாளில், வெளிநாட்டில் இருப்பவர் 15 நாளில் வந்து ஃபிளாட்டைக் கேட்க வேண்டும், இல்லையென்றால் உரிமை காலி. குண்டுச் சத்தம் அடங்கியே சில வாரம்தான் ஆகுது, ஜெர்மனியில் முகாமில் இருக்கிறவர் 15 நாளில் சரயேவோவுக்கு எப்படி வருவார்? வராதோர் சட்டம் மாதிரியேதான், பேர்தான் வேற.

துணிந்து திரும்பியவர்களுக்கும் வரவேற்பு அப்படித்தான். த்ர்வார் என்ற ஊர் போருக்கு முன் கிட்டத்தட்ட முழுக்க செர்பியர்கள் வாழ்ந்த ஊர். 1995-ல் குரோஷியப் படைகள் பிடித்த பிறகு அங்கே குரோஷியர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். 1998 ஏப்ரலில் திரும்பி வந்த ஒரு வயதான செர்பியத் தம்பதி கொல்லப்பட்டார்கள். சில நாளில் ஊரே கலவரம்.

பிறகு என்னதான் மாறியது?

1997 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த கூட்டத்தில், போஸ்னியாவை மேற்பார்வையிட்ட சர்வதேச உயர் பிரதிநிதிக்கு அசாதாரண அதிகாரம் உறுதியானது. சட்டத்தை அவரே போடலாம்; முட்டுக்கட்டை போடும் அதிகாரிகளை, தேர்ந்தெடுக்கப்பட்டவரா இருந்தாலும், வீட்டுக்கு அனுப்பலாம். 1998-ல் போர்க்காலச் சொத்துச் சட்டங்கள் நீக்கப்பட்டன. 1999 நவம்பரில் உயர் பிரதிநிதி வுல்ஃப்காங் பெட்ரிச் ஒரே நாளில் 22 அதிகாரிகளைப் பதவிநீக்கம் செய்தார். மேயர்கள் முதல் வீட்டுவசதி அதிகாரிகள் வரை.

அதே சமயம் வந்தது "சொத்துச் சட்ட அமலாக்கத் திட்டம்". எங்க தொழிலில் சொல்வோமே, ஸ்பெசிஃபிகேஷன் யார் வேணும்னாலும் எழுதலாம், இம்ப்ளிமென்டேஷன்லதான் இருக்கு விஷயம்னு. இந்தத் திட்டத்தோட அழகு என்னன்னா, அது இனம், சமாதானம், மனமாற்றம் எதையும் பேசலை. பேசினது க்யூவைப் பத்தி. மனு போட்ட தேதி வரிசைப்படிதான் மனுக்களைத் தீர்க்கணும். மேயருக்கு வேண்டப்பட்டவருக்கு முதலில், வேண்டாதவருக்குக் கடைசியில் என்ற பேச்சே இல்லை. ஒரு வீட்டை ஆக்கிரமித்துக்கொண்டு இன்னொரு வீட்டையும் வைத்திருப்பவர் முதலில் வெளியேறணும். உண்மையிலேயே போக்கிடம் இல்லாதவருக்கு மாற்று இடம் தேடணும். எல்லா ஊரிலும், எல்லா இனத்துக்கும் ஒரே விதி. ஒவ்வொரு நகராட்சியும் எத்தனை மனு தீர்த்தது என்று மாசாமாசம் கணக்கு வெளியாகும்.

மொத்தம் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள். 2005 வாக்கில் 90 சதவீதத்துக்கு மேல் தீர்ந்துவிட்டன. 2004 செப்டம்பரில் திரும்பியவர்கள் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தொட்டது. அதில் சுமார் நாலரை லட்சம் பேர், தங்கள் இனம் சிறுபான்மையாகிவிட்ட ஊர்களுக்கே திரும்பியவர்கள். பிரியெதோர் பக்கத்தில் கொசாரட்ஸ் என்று ஓர் ஊர். 1992 மே மாதம் செர்பியப் படைகள் தரைமட்டமாக்கிய போஸ்னியாக் ஊர். தப்பியவர்களை ஒமார்ஸ்கா, திர்னோபோலியே முகாம்களுக்கு அனுப்பினார்கள். 1990-களின் கடைசியில் அதே இடிபாடுகளுக்கு ஆட்கள் திரும்பி, செங்கல் செங்கலாகக் கட்டி எழுப்பினார்கள்.

ரொம்பப் புகழவும் முடியாது

வீட்டைத் திரும்ப வாங்கியவர்களில் நிறையப் பேர் அதை விற்றுவிட்டோ, மாற்றிக்கொண்டோ தங்கள் இனம் பெரும்பான்மையாக உள்ள ஊருக்கே போய்விட்டார்கள். வேலை கிடைக்கலை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு வேற வரலாறு சொல்லித்தராங்க, போலீஸ் ஸ்டேஷனில் 1992-ல் பார்த்த அதே முகம். 2013 கணக்கெடுப்பில் போஸ்னியாவின் மக்கள்தொகை சுமார் 35 லட்சம்தான். சில ஊர்களில் "ஒரே கூரை, இரண்டு பள்ளி" என்று பிள்ளைகளை இனவாரியாகப் பிரித்து உட்கார வைத்தார்கள்.

இன்னொன்று, போஸ்னியாவுக்கு இந்த அதிர்ஷ்டம் சும்மா அடிக்கவில்லை. ஜெர்மனி மட்டும் சுமார் மூன்றரை லட்சம் போஸ்னிய அகதிகளை வைத்திருந்தது. அவர்கள் ஊருக்குப் போகணும்னு ஐரோப்பாவுக்கே அவசரம். சுமார் 60,000 நேட்டோ படையினர் போய் இறங்கினார்கள். வலியவன் நலனும் எளியவன் உரிமையும் அபூர்வமாக ஒரே திசையில் நடந்த நேரம் அது.

அந்த அவசரத்திலும் ஓர் ஆபத்து உண்டு. திரும்புவது உரிமை, கடமை இல்லை. ஜெர்மனி 1996-லிருந்து, பழைய ஊர் பத்திரமா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் ஆட்களைக் கிளப்ப ஆரம்பித்தது. நமக்கும் இது புதுசு இல்லை. 1992-ல் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து இலங்கை அகதிகளைத் திருப்பி அனுப்பியபோது, விருப்பத்தோடுதான் போகிறார்களா என்ற கேள்வி பலமாக எழுந்தது. அதைச் சரிபார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையத்தைச் சென்னையில் அனுமதிக்க வேண்டிவந்தது. "நீங்க திரும்பவே கூடாது" என்பதும் "நாளைக்கே கிளம்புங்க" என்பதும் ஒரே உரிமையின் இரண்டு பக்கத்து மீறல்கள்தான்.

காலம் யார் பக்கம்?

கடைசியா சைப்ரஸ். 1974-ல் துருக்கி ராணுவம் இறங்கியபின், வடக்கிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரியர்கள் தெற்கே ஓடினார்கள். தெற்கிலிருந்து பல்லாயிரம் துருக்கிய சைப்ரியர்கள் வடக்கே போனார்கள். கைரீனியாவில் நிலம் வைத்திருந்த தித்தினா லொய்சிது, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். நிலத்தின் சொந்தக்காரர் இன்னும் அவர்தான் என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. 1998-ல் நஷ்டஈடு நிர்ணயித்தார்கள். 2003-ல் துருக்கி பணத்தைக் கட்டியது. நிலம் மட்டும் வரவில்லை.

2010-ல் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் சுருதியைக் குறைத்தது. 35 வருஷம் ஓடிவிட்டது. இப்போது அங்கே வாழ்கிற ஏராளமானோரைக் கட்டாயமாக வெளியேற்றச் சொல்ல முடியாது. பணமோ மாற்று நிலமோகூடத் தீர்வாகலாம் என்றது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை நினைத்தால் அந்தத் தீர்ப்பிலும் நியாயம் இருக்கு, மறுக்கலை. ஆனால் இதைப் படிக்கும் எந்த அரசாங்கமும் கற்றுக்கொள்ளும் பாடம் என்ன? விரட்டு, பூட்டை மாற்று, வேறு ஆளைக் குடிவை, முப்பது வருஷம் வாய்தா வாங்கு. மிச்சத்தைக் காலம் பார்த்துக்கும்.

அதனாலதான் போர் முடிந்த முதல் சில மாதங்களில் வரும் சொத்துச் சட்டங்கள் எனக்குப் பயம் தருது. பேச்சுவார்த்தை மேடையில் தலைவர்கள் கைகுலுக்கும்போது எல்லா கேமராவும் அங்கே இருக்கும். அதே சமயம் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா, "வராதவர்" என்ற பட்டியலில் பேர்களை ஏற்றிக்கொண்டிருப்பார். ஓர் இனத்தின் திரும்பும் உரிமை எழுதப்படுவதும் அழிக்கப்படுவதும் அந்தப் பேரேட்டில்தான். 2012-க்குப் பிறகு சிரியாவில் லட்சக்கணக்கானோர் ஓடினார்கள். 2018-ல் அங்கே வந்த 10-ஆம் எண் சட்டம், மறுகட்டுமானப் பகுதிகளில் 30 நாளில் உரிமைக்கான ஆதாரம் காட்டச் சொன்னது. உலகமே கூச்சல் போட்டதும் அதை ஒரு வருஷமாக்கினார்கள். போஸ்னியாவின் 15 நாள் ஞாபகம் வருதா?

ஐ.நா.வின் பாலஸ்தீன அகதிகள் அமைப்பான யு.என்.ஆர்.டபிள்யூ.ஏ.-வின் பதிவேட்டில் இன்று சுமார் 59 லட்சம் பேர். 1948-ல் ஓடியவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். பேரன், கொள்ளுப்பேத்தி காலம். அத்தனை பேரும் அதே கிராமத்து அதே வீட்டுக்குத் திரும்ப முடியுமா என்று கேட்டால், அந்தக் கிராமங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆனா அதைச் சொல்லி உரிமையே கிடையாது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியலை. 7-வது இணைப்பு, திரும்புவது, சொத்தை மீட்பது, நஷ்டஈடு பெறுவது என்று உரிமையைப் பிரித்து வைத்தது. தேர்ந்தெடுக்கும் வேலையை அகதியிடம் விட்டது. வீட்டை வாங்கி விற்றுவிட்டுப் போன போஸ்னியர்கூட தோற்றவர் இல்லை. துரத்தியவன் தந்த விலையில் இல்லாமல், தன் முடிவில் போனவர் அவர். 194-வது தீர்மானமும் அந்தத் தேர்வைத்தான் அகதி கையில் கொடுக்கச் சொன்னது. கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நாடு, வீடு ரெண்டுல எது முதலில் கிடைக்கணும்னு நீங்க நினைக்கிறீங்க? ஓடிவந்த வீட்டில் வேறொரு அகதி குடியிருந்தா என்ன செய்யலாம்? வேற நாட்டு உதாரணம் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல எழுதுங்க, பேசுவோம்.